ராசுவுக்கு ஒரு பனியன்

திருப்பூரில் பிறந்து, ஆடை வடிவமைப்பும் படித்துவிட்டால் ஒரு நோய் வந்துவிடும்: உலகத்தில் எந்தச் சிக்கலையும் ஒரு பனியன் தைத்துத் தீர்த்துவிடலாம் என்ற நம்பிக்கை. எனக்கு அது முற்றியிருந்த நேரத்தில் அகப்பட்டவன் ராசு.

ராசு, என் அத்தை வளர்க்கும் ஆப்பிரிக்கக் கிளி. சாம்பல் உடம்பு, சிவப்பு வால், சூப்பர்வைசர் பார்வை. நல்லூரில் அத்தை வீட்டின் கீழ்த்தளத்தில்தான் அவர்களுடைய தையல் யூனிட் இருந்தது. மாடியிலிருந்து ராசு "பாபின் தீந்துருச்சுங்க!" என்று குரல் கொடுத்தால், கீழே டெய்லர்கள் நிஜமாகவே மிஷினை நிறுத்திவிட்டு, அடிநூல் இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார்கள். (எங்கள் குடும்பத்திலேயே மரியாதையாகப் பேசுகிற ஜீவன் அவன் ஒருவன்தான்.)

யூனிட்டை வேலம்பாளையத்துக்கு மாற்றினார்கள். வீடு அமைதியானது. ராசு தன் நெஞ்சு இறகுகளைப் பிடுங்க ஆரம்பித்தான். உரித்த கோழிபோல ஆகிவிட்டது நெஞ்சு.

"என்னமோ மனசுல வெச்சுட்டுச் சொல்ல மாட்டீங்கறான் கண்ணு" என்றார் அத்தை. அவருக்குச் சோறு இறங்கவில்லை. "டாக்டரம்மா நாளைக்கு வரச் சொல்லியிருக்காங்க. அதுக்குள்ள புண்ணாக்கிக்குவானாட்ட இருக்குது."

"நான் பாத்துக்கறனுங்கத்தை" என்றேன். இதற்கான என் தகுதி: ஒரு வீடியோவில் பாதி, அதுவும் இரட்டை வேகத்தில். அதில் ஒரு வெளிநாட்டுக் கிளி சட்டை போட்டிருந்தது. மீதிப் பாதியில் என்ன சொன்னார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

டேப்பால் அளவெடுத்தேன். (டேப்பின் முதல் மூன்று சென்டிமீட்டரை ராசு தின்றுவிட்டான்.) யூனிட்டுக்கு ஓடி, சாம்பிள் டெய்லர் சேவியர் அண்ணனிடம் நான் வரைந்த படத்தை நீட்டினேன். அவர் தூத்துக்குடிக்காரர்.

"ஏ பிள்ள, உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?"

"சீரியஸாத்தான் சொல்றேண்ணா. ரிப் கழுத்து, இறக்கைக்கு ரெண்டு ஓட்டை."

"சரி, வாஷ்கேர் லேபிள்ல என்னத்தப் போட? 'அணிந்தவர் கடிப்பார்'னா?"

சிரித்தபடியே தைத்தும் கொடுத்தார். பச்சை நிறத்தில், அப்படி ஒரு அழகு. ராசுவுக்குப் போட்டுவிட்டு, குடும்பக் குழுவில் படமும் அனுப்பினேன். இதயங்கள் கொட்டின.

அதன் பிறகுதான் ராசு வேலையைத் தொடங்கினான். கழுத்து ரிப்பை இழுத்துவிட்டு, அது பழையபடி சுருங்குகிறதா என்று பார்த்தான். அலகைத் தையலோரமாகவே நகர்த்திக்கொண்டு போனான். நான் வெட்ட மறந்த ஒரு நூல் நுனி அகப்பட்டது. தலையைச் சாய்த்து யோசித்தான். எந்த இழையை இழுத்தால் மொத்தமும் பிரியும் என்று எனக்குக் கல்லூரியில் ஒரு செமஸ்டர் முழுக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். அவன் இரண்டாவது இழுப்பில் கண்டுபிடித்தான். பக்கத் தையல் சரசரவென்று பிரிந்தது. நான் மெய்மறந்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது ஒரு அலறல். பிரிந்த நூல் கால்விரலைச் சுற்றி இறுகியிருந்தது. அவன் உதற உதற, இன்னும் இறுகியது. விரல் வீங்கிக் கருத்துக்கொண்டே வந்தது. நூல் சதைக்குள் புதைந்து கண்ணுக்கே தெரியவில்லை. "அத்தை!" என்று கத்தினேன்.

அத்தை ஓடிவந்தார். என்னைத் திட்டவில்லை. நெஞ்சை அழுத்தாமல் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு, "வண்டிய எடு" என்றார். வழி முழுக்கப் பின்னால் இரண்டே பேச்சு: கிளிக்கு, "ஒண்ணுமில்ல சாமி". எனக்கு, "பள்ளம்".

டாக்டரம்மா ஊசி முனைக் கத்தரியால் நூலை வெட்டினார். மெல்ல மெல்ல விரலில் ரத்தம் ஓடி நிறம் திரும்பியது. "இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா விரல் இல்லீங்க" என்றவர், மிச்சமிருந்த பச்சைத் துணியைத் தூக்கிப் பார்த்தார். "இத யாருங்க போட்டுவிட்டது?"

"எங்கண்ணன் மவதானுங்க" என்றார் அத்தை. "படிச்ச புள்ளைங்க."

தோலில் நோய் எதுவும் இல்லை. யூனிட் மாறிய கதையைக் கேட்டதும் டாக்டரம்மாவுக்கு விளங்கிவிட்டது. "ஆளும் சத்தமும் இல்லாம ஏங்கிப் போயிருக்குதுங்க. இவ்வளவு அறிவுள்ளதச் சும்மா உட்கார வெச்சா, தன்னையேதான் பிடுங்கிக்கும். கடிச்சுப் பிரிக்க ஏதாச்சும் குடுங்க. நூல் மட்டும் ஆகாது."

எனக்குப் பொறி தட்டியது. "பனியனைப் பிரிச்ச நேரத்துல ஒரு இறகுகூடப் பிடுங்கலீங்க டாக்டர்! அப்போ என் டிசைன்…"

அத்தை திரும்பிப் பார்த்தார். வாக்கியத்தை அங்கேயே விட்டுவிட்டேன்.

பஞ்சுத் தூசி ஆகாது என்பதால் ராசுவை யூனிட்டுக்குக் கொண்டுபோக முடியாது. எனவே அத்தை ஒரு பழைய மிஷினை மாடிக்கு ஏற்றினார். தினமும் சாயங்காலம் நூல் கோக்காமல் அதை ஓட்டுவார். பக்கத்தில் ராசு மக்காச்சோளத் தோகையையும் அட்டைப்பெட்டியையும் கிழித்துக்கொண்டிருப்பான். "பாபின் தீந்துருச்சுங்க!" என்பான். "இதோ மாத்திட்டனுங்க சாமி" என்பார் அத்தை. அந்த மிஷினில் பாபினே கிடையாது. அந்தப் பேச்சில்தான் அவன் நெஞ்சில் சாம்பல் பூத்ததுபோல இறகு திரும்ப வந்தது.

நான் உள்ளே போனால் மட்டும், ராசு அந்தக் காலைத் தூக்கி வயிற்று இறகுக்குள் ஒளித்துக்கொள்வான். இதை அத்தை எல்லோருக்கும் சொல்லிவிட்டார். இப்போது எந்த விசேஷத்துக்குப் போனாலும், என்னைக் கண்டதும் சொந்தக்காரர்கள் ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். போன மாதம் மேடையிலிருந்த மாப்பிள்ளையே நின்றார்.

"ஒத்தக் கால்ல நிக்கிற கிளி நிம்மதியா இருக்குதுன்னு அர்த்தமுங்கத்தை. டாக்டரம்மாவே சொன்னாங்க" என்று வாதாடிப் பார்த்தேன்.

"ஆமா கண்ணு" என்றார் அத்தை, காலைக் கீழே வைக்காமலேயே. "நீ எதுக்கும் ரெண்டு கையையும் காட்டு, நூல் இருக்குதான்னு பாப்போம்."