விடை தெரிந்தவர்கள் மட்டும் உள்ளே வரவும்

மழை பெய்தால் ஏரி நிரம்பும், ஏரி உடைந்தால் மந்திரிகள் படகேறி வந்து பார்வையிடுவார்கள் என்ற ஒழுங்கோடு ஒரு நாடு இருந்தது. ஏழேரி நாடு என்று பேர். மலையடிவாரத்தில் முதல் ஏரி. அது வழிந்தால் இரண்டாவதற்குப் போகும், இரண்டாவது வழிந்தால் மூன்றாவதற்கு. இப்படியே இறங்கி ஏழாவது ஏரிக்குக் கீழே கடைமடை என்ற ஊரில் போய் முடியும். வெயில் காலத்தில் கடைமடைக்குச் சொட்டுத் தண்ணீர் வராது. மழைக்காலத்தில் ஏழு ஏரித் தண்ணீரும் அந்த ஊர் வாசலைத்தான் தட்டும்.

அந்த நாட்டில் மன்னரை மக்கள்தான் ஓட்டுப் போட்டு உட்கார வைப்பார்கள். உட்கார்ந்தவரை எழுப்புவதுதான் பெரும்பாடு. அப்போது இருந்த மன்னர், தேர்தலுக்கு முன்னால் வீட்டுக்கு ஒரு கைப்பெட்டி கொடுத்திருந்தார். கணக்குப் போடும், கூத்தும் காட்டும். மூடியில் மன்னர் சிரிக்கிற படம் ஒட்டியிருக்கும். சுரண்டினாலும் போகாது.

பக்கத்து நாட்டில் பெரிய கணக்கு எந்திரம் ஒன்று வைத்திருப்பதாகக் கேள்விப்பட்ட நாள் முதல் மன்னருக்குத் தூக்கம் போயிற்று. அதைவிடப் பெரியதாக ஒன்றைக் கட்டினார். ஒரு ஊர்க் கணக்கப்பிள்ளைகள் கூடி ஆயுள் முழுக்கப் போடும் கணக்கை இது ஒரு மூச்சில் போட்டுவிடும். பேரெந்திரம் என்று பெயர் வைத்து, சந்தனம் தடவி, சக்கரமே இல்லாத அதற்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள்.

"நம் வித்தியாசாலைகளில் ஆராய்ச்சி செய்பவர்களுக்காகவே இது" என்றார் மன்னர். எல்லோரும் கை தட்டினார்கள். ஒரு மன்னர் ஒன்றைக் காட்டி இன்னாருக்காக என்று சொன்னால், அந்த இன்னார் கொஞ்சம் தள்ளி நிற்பது நல்லது.

வேம்பு தள்ளி நிற்கவில்லை. அவள் வித்தியாசாலையில் நீரோட்டம் பற்றிப் பாடம் சொல்பவள். பிறந்தது கடைமடையில். போன வெள்ளத்தில் அவள் அண்ணன் இருளப்பன் வீட்டுச் சுவரும் எருமைகளும் போயின. மதினியைக் கூரையிலிருந்துதான் இறக்கினார்கள். எந்த ஏரியின் எந்த மதகை எப்போது திறந்தால் கடைமடை தப்பும் என்பதுதான் அவள் கணக்கு. ஏழு ஏரியையும் ஒரே நேரத்தில் பார்த்தாக வேண்டும். ஒருத்தி உட்கார்ந்து போட்டால் அதற்குள் கடைமடை நாலு தடவை முழுகிவிடும். பேரெந்திரத்துக்கு அரை நாள் வேலை. மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது.

எந்திர மண்டபத்து வாசலில் மன்னரின் முதல் ஆணை ஒரு பலகையில் தொங்கியது: விடை தெரிந்தவர்கள் மட்டும் உள்ளே வரவும். அதன் கீழே காவல்காரர் சடையாண்டி, கொளுத்துகிற வெயிலில் கம்பளி போர்த்தி நின்றார்.

"காய்ச்சலாண்ணே?" என்றாள் வேம்பு.

"உள்ள இருந்து இப்பத்தான் வாரேன், அம்புட்டுக் குளுரு தாயி. எந்திரத்துக்கு வேர்க்கப்படாதாம். நான் வெறச்சுச் செத்தாப் பரவாயில்லையாம்."

உள்ளே பெருங்காவலர் வச்சிரநாதர் உட்கார்ந்திருந்தார். எந்திரம் வருவதற்கு முன்னால் அவர் அரண்மனை யானைகளுக்குப் பொறுப்பு. பெரியதாக எது வந்தாலும் அவரிடம்தான் ஒப்படைப்பார்கள். வேம்பு தன் கணக்கைச் சொன்னாள்.

"நன்று. விடை என்ன?" என்றார் அவர்.

"அது தெரியாமத்தான்யா வந்திருக்கேன்."

வச்சிரநாதர் இரு பக்கமும் இருந்த சபையாரைப் பார்த்தார். சபையார் வருத்தப்பட்டார்கள்.

"அம்மணி, விடை தெரியாத கேள்வியை மாட்சிமை பொருந்திய எந்திரத்திடம் கேட்பது முறையா? அது ஒன்றைச் சொல்லி, அது தவறாகப் போனால், மன்னரின் மானம் என்னாவது?"

"சரியாப் போனா?"

"சரியென்று எவ்வாறு அறிவது? ஒப்பிட்டுப் பார்க்கத் தங்களிடம் விடை இல்லையே."

இதற்கு மேல் பேச என்ன இருக்கிறது. அன்று காலை ஒரு கிழட்டுப் பண்டிதர், இரண்டும் இரண்டும் நாலு என்று விடையோடு வந்து அனுமதி வாங்கியிருந்தார். எந்திரமும் நாலு என்றது. மாலையில் ஊரெல்லாம் வெடி போட்டார்கள்.

கொஞ்ச நாளில் பக்கத்து நாட்டுத் தூதர் வந்தார். "எந்திரம் சும்மா இருக்கிறதே" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். உடனே இரண்டாவது ஆணை வந்தது: எந்திரம் ஒரு நொடியும் ஓயக்கூடாது. அதற்காக அதை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொன்னார்கள். இரவும் பகலும் எண்ணியது. நம் எந்திரம் மூச்சுவிடாமல் உழைக்கிறது என்று முரசு அறைந்தார்கள். விடையோடு வந்தவர்களுக்கும் இப்போது இடமில்லை. எண்ணி முடிந்ததும் வரச் சொன்னார்கள்.

வித்தியாசாலைக்காரர்கள் தங்களிடமிருந்த சின்ன எந்திரங்களில் முட்டி மோதிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அது சபையாரின் கண்ணை உறுத்தியது. நாடு ஒன்று, எந்திரம் ஒன்று என்று மூன்றாவது ஆணை. சின்ன எந்திரங்களை வண்டியில் அள்ளிப் போய் மண்டபத்துப் படிக்கட்டுக்குக் கீழே போட்டார்கள். வீட்டுக் கைப்பெட்டிகளை மட்டும் தொடவில்லை. மன்னர் முகம் ஒட்டிய பொருளைப் பறிமுதல் செய்ய எந்த அதிகாரிக்குத் துணிச்சல் வரும்?

வேம்பு கையில் ஒன்றுமில்லாமல் கடைமடைக்குப் போனாள். இருளப்பன் புதுச் சுவரில் சாய்ந்து கைப்பெட்டியில் கூத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னத்தா, மண்டபத்துல சோறு போட்டாங்யளா?"

"வெடை கேட்டாங்க."

"நீ கேக்கப் போனியா, சொல்லப் போனியா?" அவன் சிரித்தான். பிறகு சிரிப்பை விட்டான். "மழ வரப் போவுது வேம்பு. ஒங்க மதினி இப்பவே ஏணியக் கொண்டாந்து கூரையில சாத்தி வச்சுட்டா."

வேம்பு ஏணியைப் பார்த்தாள். அண்ணன் மடியில் இருந்த பெட்டியைப் பார்த்தாள்.

"இந்தப் பெட்டி நீ கூத்துப் பாக்காத நேரம் என்ன செய்யும்?"

"செவனேன்னு கெடக்கும். மன்னரு மட்டும் சிரிச்சுக்கிட்டு இருப்பாரு."

"ஊர்ல எல்லாப் பெட்டியும் அப்பிடித்தான?"

"அதுல என்ன சந்தேகம்?"

"அப்ப அதுல எனக்கு மொற வைங்க."

அந்த நாட்டில் வயலுக்குத் தண்ணீர் முறை வைத்துத்தான் பாயும். இன்று இவன் வயல், நாளை அடுத்தவன் வயல். மன்னர் மாறினாலும் முறை மாறாது. வேம்பு கேட்டது அதைத்தான். ஒவ்வொரு வீட்டுப் பெட்டியும் சும்மா கிடக்கிற நேரத்தில் முறை வைத்துக் கணக்கில் ஒரு துண்டைப் போட வேண்டும். ஒவ்வொரு ஏரிக்கும் உரிய ஊர்க்காரர்களின் பெட்டிகள் அந்த ஏரியின் கணக்கைப் பார்க்கும். எவ்வளவு வழியும் என்று கீழ் ஏரிக்காரர்களின் பெட்டிகளுக்குச் சொல்லும். தண்ணீர் இறங்குகிற வழியிலேயே கணக்கும் இறங்கும்.

இருளப்பனுக்குக் கணக்கு புரியவில்லை. முறை புரிந்தது. அவன் ஏரி ஏரியாக அலைந்து சொன்னான். முறை என்றதும் யாரும் மறுக்கவில்லை. கூத்துப் பார்க்கிற நேரத்தில் மட்டும் கை வைக்கக் கூடாது என்றார்கள்.

ஏழு ஏரிப் பெட்டிகளும் முக்கி முனகிக் கணக்கைப் போட்டன. எவ்வளவு மழை பெய்தாலும் கடைமடைக்குச் சொட்டுத் தண்ணீர் வராது என்று விடை வந்தது.

"ஏணிய எடுத்துறலாங்கிறியா?" என்றான் இருளப்பன்.

வேம்பு ஒரு நாள் முழுக்க ஏரி ஏரியாக வந்த அளவுகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். பிறகுதான் விஷயம் பிடிபட்டது. தன் ஏரியில் எவ்வளவு தண்ணீர் கிடக்கிறது என்று மேல் ஏரிக்காரன் கீழ் ஏரிக்காரனிடம் உண்மையைச் சொன்னதாக அந்த நாட்டுச் சரித்திரத்திலேயே கிடையாது. சொன்னால் கேட்டுவிடுவானே. எல்லோரும் பழக்கத்தில் குறைத்துச் சொல்லியிருந்தார்கள். பொய் மேல் பொய்யாக இறங்கி, ஏழாவது ஏரிக்கு வருவதற்குள் தண்ணீரே வற்றிப்போயிருந்தது.

அவள் ஏழு ஊர்க்காரர்களையும் நாலாம் ஏரிக் கரைக்குக் கூப்பிட்டாள். அந்த ஏரிக்குப் பெரியதனம் மாயழகு. மீசையும் கோபமும் உள்ளவர்.

"இனிமே ஒரு ஏரி அளவ அதுக்குக் கீழ ஊர்க்காரரு வந்து பாக்கட்டும்" என்றாள் வேம்பு.

"எங்க தண்ணிய அவங்ய எதுக்குப் பாக்கணும்?" என்றார் மாயழகு.

"நீங்க சொன்ன அளவுக்கு ஒங்க ஏரியில ஆட்டுக்கால் நனையாது மாமா. ஆனா போன வாரம் ஒங்க மருமகன் இதுல விழுந்து நீச்சலடிச்சுக் கரையேறுனதா ஊரே பேசுது."

கரை முழுக்கச் சிரிப்பு. மருமகன் வேறு பக்கம் பார்த்தான். மாயழகு மீசையைத் தடவினார். "சரி, பாக்கட்டும். ஆனா எங்களுக்கு மேல உள்ள மூணாம் ஏரிய நான்தான் போய்ப் பாப்பேன். அவங்ய எம்புட்டுப் பொய் சொல்றாங்யன்னு எனக்குத் தெரியணும்."

இந்த ஆசை எல்லா ஊருக்கும் இருந்தது. அதனால்தான் வேலை நடந்தது.

இரண்டாம் தடவை விடை வேறு மாதிரி வந்தது. நாலாம் ஏரியின் வடக்கு மதகை மழைக்கு முன்பே திறந்து, பாதித் தண்ணீரைக் கருவேலங்காட்டு ஓடையில் விட்டுவிட வேண்டும். அப்போதுதான் மேலிருந்து வருகிற வெள்ளத்தை அந்த ஏரி தாங்கும். கடைமடை தப்பும்.

மாயழகு ஏரியைப் பார்த்தார். "மழ ஏமாத்திருச்சுன்னா?"

"ஒங்க ஊரு காயும்."

"கணக்கு தப்புன்னா?"

"நான் இங்கனயேதான் இருப்பேன் மாமா. என்ன செய்யணுமோ செய்ங்க."

மதகைத் திறக்க அரண்மனை உத்தரவு வேண்டும். உத்தரவு வருவதற்குள் மழை வந்து போய்விடும். மாயழகு யாரையோ திட்டிக்கொண்டே இறங்கி, மருமகனையும் சேர்த்துக்கொண்டு மதகைத் தூக்கினார். இருக்கிற தண்ணீர் காட்டுக்குள் போவதைப் பார்த்து அந்த ஊர்ப் பெண்கள் மண்ணை வாரித் தூற்றினார்கள். வேம்பு கரையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மழை வந்தது. விடாமல் அடித்தது. ஒவ்வொரு ஏரியாகத் தளும்பி வந்த வெள்ளத்தை நாலாம் ஏரி வாங்கிக்கொண்டு மெதுவாக விட்டது. கடைமடைத் தெருவில் முழங்கால் அளவுக்கு வந்து, அங்கேயே நின்று யோசித்து, வடிந்துவிட்டது. மதினி ஏணியில் ஏறவில்லை. ஆட்டுக்குட்டியைத்தான் ஏற்றிவிட்டாள்.

வெள்ளம் பார்வையிடப் படகோடு வந்த மந்திரிகளுக்குப் படகு விடத் தண்ணீர் போதவில்லை. விசாரணை நடந்தது. வேம்புவுக்கு மண்டபத்திலிருந்து அழைப்பு வந்தது. உத்தரவில்லாமல் மதகு திறந்ததற்குச் சிறைதான் என்று இருளப்பன் மாற்றுத் துணியெல்லாம் கட்டிக் கொடுத்தான்.

வச்சிரநாதர் எழுந்து நின்று வரவேற்றார்.

"அம்மணி, மன்னரின் திருமுகம் பொறித்த பெட்டிகளால் கடைமடை காப்பாற்றப்பட்டது. ஆகவே காப்பாற்றியவர் மன்னர். அது முடிந்த விஷயம். தாங்கள் முன்பு ஒரு விண்ணப்பம் வைத்தீர்கள். விடை இல்லாததால் நிராகரித்தோம். இப்போது தங்களுக்கு விடை தெரியுமா?"

"தெரியுங்கய்யா. நாலாம் ஏரி, வடக்கு மதகு."

"அப்படியானால் தகுதி வந்துவிட்டது. எந்திரத்தைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். எந்திரம் எண்ணுவதை நிறுத்த மன்னர் ஒப்புக்கொண்டார்."

வேம்பு வாயைத் திறந்தாள். தெரிந்த கணக்கை இன்னொரு தடவை எதற்கு என்று கேட்க வந்தவள், பலகையை நினைத்தாள். வெயில் காலத்தில் சொட்டுத் தண்ணீர் காணாத கடைமடை வயலை நினைத்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

"ரொம்ப நன்றிங்கய்யா" என்றாள்.

உள்ளே போய்ப் பேரெந்திரத்தில் அவள் போட்டது வெள்ளக் கணக்கு இல்லை. கோடையில் ஏழு ஏரித் தண்ணீரையும் எப்படி முறை வைத்தால் கடைசி வயல் வரை எட்டும் என்ற கணக்கு. அதற்கு விடை அவளுக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது. எந்திரம் உறுமியது. அதுவரை ஒன்று இரண்டு எண்ணிக்கொண்டிருந்த அது, முதல் தடவையாக வேலை செய்தது. மண்டபத்துச் சுவரெல்லாம் சூடேறியது.

வெளியே வந்தவளிடம் வச்சிரநாதர் கேட்டார். "சொன்ன விடையே வந்ததா?"

"சொன்னபடியே வந்துச்சுங்கய்யா" என்றாள், கோடை முறையின் விடையை மடியில் முடிந்துகொண்டு.

அவர் சபையாரைப் பார்த்துப் பெருமிதமாகத் தலையசைத்தார். நம் எந்திரம் தவறே செய்ததில்லை என்று மாலையில் வெடி போட்டார்கள்.

அந்தப் பலகை இன்னும் தொங்குகிறது. வித்தியாசாலைக்காரர்கள் வருகிறார்கள், படிக்கிறார்கள், விடை தெரியும் என்று சொல்லிவிட்டு உள்ளே போகிறார்கள். திரும்பும்போது படிக்கட்டுக்குக் கீழே கிடக்கும் தங்கள் சின்ன எந்திரங்களையும் ஒவ்வொன்றாக எடுத்துப் போகிறார்கள். சடையாண்டி பார்ப்பதில்லை. கம்பளியை மடித்துத் தலைக்கு வைத்துத் தூங்குகிறார். உள்ளே இப்போது குளிர் இல்லை.