முதலாளிக்கு முதுகைக் காட்டாதவன்

மரியாதை தெரிந்தவன் உருப்படவே மாட்டான். இதைக் கோபத்தில் சொல்லவில்லை. (கோபத்தில்தான் சொல்கிறேன். கிழவனான பிறகும் ஆறாத கோபம்.)

முப்பதுகளில் கோயமுத்தூரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மில்லுக்குக் கடைக்கால் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒரு மில் கட்டிய முதலாளிக்கு உதவி மானேஜர் வேண்டியிருந்தது. இங்கிலீஷ் மட்டும் போதாது, மிஷின் விற்க வரும் வெள்ளைக்காரர்களோடு கோல்ஃப் ஆடவும் தெரிய வேண்டும் என்றார். எனக்கு இரண்டும் தெரியும். நீலகிரித் தோட்டம் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தபோது, கூட ஆட ஆள் கிடைக்காத துரை எனக்கு ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்திருந்தார். அந்த வேலை போனபின் காங்கேயத்தில் வானம் பார்த்த காட்டில் கம்பு விதைத்துக்கொண்டு, "பி.ஏ. படிச்சுப்போட்டு இங்க என்னடா பண்றே?" என்று அப்பாவிடம் தினமும் பேச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். உதவி மானேஜர் வேலைதான் எனக்கு ஒரே வழி.

கோல்ஃபில் சூட்சுமம் தோளில் இருக்கிறது. மட்டையை மம்மட்டி மாதிரி நேரே தலைக்கு மேல் தூக்கி இறக்கக் கூடாது. சுவரில் சாய்த்து வைத்த வண்டிச் சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சாய்விலேயே மட்டை ஏறி, அந்தச் சாய்விலேயே இறங்க வேண்டும். கை மட்டும் போனால் சாய்வு கெட்டுவிடும். தோளும் முழுசாகத் திரும்ப வேண்டும். எவ்வளவு என்றால், பந்து போகிற திசைக்கு நம் முதுகு தெரிகிற அளவு. கண் மட்டும் பந்தை விட்டு அசையக் கூடாது.

இதையெல்லாம் என் மாமன் மகன் பழனிச்சாமிக்கும் நானே சொல்லிக்கொடுத்தேன். (பந்து பொறுக்க ஆள் வேண்டுமே.) அறுத்த சோளக்காட்டில் தினமும் இருவரும் அடித்துப் பழகினோம். முதலாளி முன்னால் அடித்துக் காட்ட வேண்டிய பரீட்சை அன்று அவனையும் துணைக்குக் கூட்டிப்போனேன். புத்தி.

முதலாளி கோல்ஃபைக் கண்ணால் பார்த்ததில்லை. பந்து வருவதைப் பார்க்க வேண்டுமென்று, அது போக வேண்டிய பக்கத்திலேயே கொஞ்சம் தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"இந்தப் பக்கம் உக்காந்தா நல்லதுங்க" என்றேன்.

"பரவாயில்லீங்க தம்பி, நீங்க அடிங்க."

மட்டையைத் தூக்கினேன். தோள் திரும்ப ஆரம்பித்தது. அப்போதுதான் உறைத்தது, இன்னும் கொஞ்சம் திரும்பினால் முதலாளிக்கு என் முதுகு. எங்கள் வீட்டில் பெரியவர்கள் முன்னாலிருந்து கிளம்பும்போதுகூட நாலடி பின்னாலேயே நடந்துவிட்டுத்தான் திரும்புவோம். வேலை கேட்டு வந்த இடத்தில் முதுகைக் காட்டுவதா? தோள் அங்கேயே நின்றுவிட்டது. கை மட்டும் மேலே போய், மம்மட்டியாகவே இறங்கியது. பந்து அசையவில்லை. ஒரு செம்மண் கட்டி பறந்துபோய் முதலாளியின் வெள்ளைக் கோட்டில் அப்பிக்கொண்டது.

அவர் நிதானமாகத் தட்டிவிட்டுக்கொண்டார். "ஏனுங்க தம்பி, கெணறு வெட்டறதுக்கு ஆளு வேணும்னா சொல்லியுடறேனுங்க."

எங்கள் பக்கத்தில் கழுத்தை அறுத்தாலும் 'ங்க' போட்டுத்தான் அறுப்பார்கள்.

பிறகு பழனிச்சாமியைப் பார்த்து, "உங்களுக்கும் தெரியுமுங்களா?" என்றார்.

"அடிச்சுப் பாக்கறேனுங்க" என்று என் கையிலிருந்தே மட்டையை வாங்கினான் பாவி. பிடரி, முதுகு, வேட்டிக்கட்டு எல்லாம் முதலாளிக்குத் தெரிய ஒரு சுற்றுச் சுற்றினான். பந்து அவர் தலைக்கு மேலே பறந்து வேலமரத்தைத் தாண்டிப் போனது. முதலாளி எழுந்து நின்றுவிட்டார். அப்போதே வேலை அவனுக்கு. இங்கிலீஷ்? "அதப் படிச்சுக்கலாமுங்க" என்றார்.

திரும்பி வரும்போது கேட்டேன். "ஏண்டா, பெரியவருக்கு முதுகக் காட்டறமேன்னு உனக்குத் தோணவே இல்லியா?"

"பந்தப் பாருன்னுதானே சொல்லிக்குடுத்தே மாப்ள? நான் பந்தத்தான் பாத்தேன்."

வயிறு எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது. நான் அவிநாசியில் ஒரு பருத்தி மண்டியில் எடை போட்டே காலத்தைத் தள்ளினேன். அவன் சொந்த மில் கட்டினான். எங்கள் பிள்ளைகளில் யார் வேலை கேட்டுப் புறப்பட்டாலும் என் மனைவி, "கண்ணு, உங்கப்பனாட்ட மருவாதி பாத்துட்டு நிக்காதே, நல்லா முதுகக் காட்டிப்போட்டு வா" என்று சொல்லித்தான் அனுப்புவாள்.

போன மாதம் பழனிச்சாமியின் புது வீட்டு விருந்து. பந்தி நடுவில் அவனே ஒரு கரண்டியைத் தூக்கிக்கொண்டு, நான் அன்று மண் வெட்டியதை நடித்துக் காட்டினான். ஜனங்களுக்குப் புரையேறிவிட்டது. எல்லோரையும் விடச் சத்தமாக நான் சிரித்தேன். என் மகன் அவன் மில்லில்தான் வேலை பார்க்கிறான்.