எட்டாம் தேதிக்கே வந்துவிட்ட சம்பந்தியம்மா

லோயாங்,
ஏழாம் மாதம், வளர்பிறை (நம்ம கணக்குப்படி)

மரியாதைக்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கை புருஷன் கெங் ஷோவ்தியான் தலைதாழ்த்தி எழுதிக்கொள்வது. உங்கள் முழங்கால் இப்போது மாடிப்படி ஏற விடுகிறதா? கூண்டில் இருக்கும் பாட்டுக்குருவி மறுபடி வாய் திறந்ததா? அக்காவின் ஊறுகாய் ஜாடி விரிசல் விட்டதாகக் கேள்விப்பட்டு மனம் வருந்தினேன். இங்கே நான் நலம். அதாவது, முந்தாநாள் காலை வரைக்கும் நலமாகத்தான் இருந்தேன். இதையெல்லாம் போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பீர்கள். என் போன் செத்துக் கிடக்கிறது; உயிரோடு இருந்தாலும், கத்தினால் உங்களுக்குக் கேட்காது, அங்கே உங்கள் வீட்டில் பக்கத்து அறையில் இருக்கும் உங்கள் தங்கைக்குக் கேட்டுவிடும். அவளுக்கு இன்னும் கோபம் இறங்கவில்லை என்பது நீங்கள் சொல்லாமலே எனக்குத் தெரியும். அதனால்தான் கடிதம்.

உங்களுக்குத் தெரியாததா, நம் லிங்யுன் கட்டிக்கொள்ளப் போகிற டங்கன் நல்ல பையன். இருவரும் இதே ஊரில், சுரங்கப்பாதை தோண்டும் இயந்திரம் செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறார்கள். நம்ம சீன பாஷையை நம்மைவிடச் சுத்தமாகப் பேசுகிறான். ஆனால் அவனுக்கு அப்பா இல்லை. ஸ்காட்லாந்தில் ஒற்றை ஆளாக இருக்கும் அம்மா மட்டும்தான். புத்தாண்டு விருந்தன்று என் பக்கத்தில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "மாமா, எங்கம்மா வந்து பார்த்துட்டு மனசாரச் சரின்னு சொன்னா நாங்க இங்கேயே இருந்துடறோம். அவங்க முகம் கொஞ்சம் சுருங்கினாலும் என்னால முடியாது. லிங்யுனைக் கூட்டிக்கிட்டு அங்கேயே போயிடுவேன்." அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இருப்பது ஒரே பெண். அவளை அத்தனை கடல் தாண்டி அனுப்பிவிட்டு நான் யாரிடம் சண்டை போடுவது? உங்கள் தங்கையிடம் போடலாம்தான், ஆனால் அதில் நான் ஜெயித்ததே கிடையாது.

ஆகவே, அந்த அம்மாவை என் வாயாலேயே ஆங்கிலத்தில் பேசி மயக்கிவிடுவது என்று முடிவு கட்டி, முதியோர் பள்ளியில் சேர்ந்தேன். ஜியாவ் டீச்சர் என்று ஒரு சின்னப் பெண், எங்களுக்கெல்லாம் தலைமுடி நரைத்திருப்பதைப் பார்த்ததும் பயந்துவிட்டாள் போல. இவர்களுக்கு இலக்கணம் ஏறாது என்று தீர்மானித்து, "நம்ம பாஷையில வினைச்சொல்லை மாத்தாம, நேத்து, நாளைன்னு ஒரு வார்த்தையை முன்னாடி போட்டுத்தானே காலத்தைச் சொல்றோம்? அதனால முதல்ல காலச் சொற்களைப் பிடிச்சுக்குங்க, மத்ததெல்லாம் பின்னாடி தானா வரும்" என்றாள். பிடித்துக்கொண்டோம். ஒரு பருவம் முழுக்க சூன், ஆல்ரெடி, ஆல்வேஸ், சம்டைம்ஸ், ஆஃப்டன், டெய்லி என்று கோரஸ் பாடினோம். பின்னாடி வர வேண்டியது மட்டும் இன்றுவரை வரவில்லை. ஆனாலும் வகுப்பில் நான்தான் முதல். வேலையில் இருந்த காலம் பூரா ரயில்வே ஸ்டேஷன் மைக்கில் வண்டி வரும், வராது, தாமதம் என்று சொன்ன வாய் அல்லவா? நான் ஆல்ரெடி என்றால் பின்வரிசைக்காரர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவார்கள்.

இந்தத் திமிரில்தான் விருந்துக்கான அழைப்பை நானே எழுதினேன். சம்பந்திகள் சந்திக்கும் விருந்துக்கு நீங்கள் பஞ்சாங்கம் பார்த்துக் குறித்துக் கொடுத்த நாள், எட்டாம் மாதம் எட்டாம் தேதி. நல்ல காரியத்துக்கு நிலாக் கணக்கில்தானே நாள் வைப்போம்? அப்படியே எழுதினேன், எட்டு, எட்டு என்று. பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாம், திடீர் சந்தோஷமாக இருக்கட்டும் என்று அகராதியைப் புரட்டி ஒரு வரி சேர்த்தேன். கடைசியில், யாரை அழைத்தாலும் நம் வழக்கப்படி சொல்கிற மரியாதை வார்த்தையும் போட்டேன்: சீக்கிரமாக வந்துவிடுங்கள். தப்பு உங்கள் பேரில் என்று நான் சொல்ல வரவில்லை மச்சான். இருந்தாலும் நாள் குறித்தது நீங்கள்தானே.

விருந்துக்குத்தான் இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறதே என்று குளியலறையை இடித்தேன். வெளிநாட்டு அம்மாவுக்கு உட்காருகிற மாதிரி கக்கூஸ் வேண்டாமா? இடித்த அன்றைக்கே மேஸ்திரி, தன் மச்சினன் வீட்டில் விசேஷம் என்று சொல்லிவிட்டுப் போனவர் போனவர்தான். போகிற அவசரத்தில் கரன்ட் ஒயரையும் அறுத்துவிட்டுப் போனார். உங்கள் தங்கை குழியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பையை எடுத்தாள், உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். இதுவரை நடந்ததை அவள் உங்களிடம் சொல்லியிருப்பாள். இனிமேல் வருவது அவளுக்கும் தெரியாது.

முந்தாநாள் வெயில் மண்டையைப் பிளந்தது. மின்விசிறி கிடையாது. நான் பனியனை நெஞ்சுவரை சுருட்டி ஏற்றிக்கொண்டு, வயிற்றுக்குக் காற்று வாங்கியபடி, முந்தின நாள் மிச்சமிருந்த புளிப்பு நூடுல்ஸைக் கிண்ணத்தோடு குடித்துக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டினார்கள். மேஸ்திரிதான் என்று நினைத்து, "வந்தியா, நாசமாப் போறவனே"ன்னு திறக்கிறேன், வாசலில் பீர்க்கங்காய் மாதிரி ஒல்லியாக, உயரமாக ஒரு வெள்ளைக்கார அம்மா, கம்பளிக் கோட்டோட நிக்கிறாங்க. இந்த வெயில்ல கம்பளிக் கோட்டு! ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் என் அழைப்பு. டங்கனின் அம்மா மோராக். நான் பனியனை இறக்கினேன். நூடுல்ஸ் பனியனுக்குள் இறங்கியது.

படித்ததெல்லாம் அந்த நிமிஷமே காற்றோடு போய்விட்டது. வணக்கம் கூட வரவில்லை. வாயில் மிச்சம் இருந்தது ஒரே வார்த்தை. "ஆல்ரெடி?" என்றேன். அதற்குள்ளேயா என்று. ஸ்டேஷன் குரலில் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, அந்த அம்மா அரையடி பின்னால் நகர்ந்தார். சீக்கிரம் வாங்கன்னா யாராவது ஒரு மாசம் முன்னாடியே வருவாங்களா, ஸ்காட்லாந்தில் மரியாதை இப்படித்தான் போல என்று நான் மனசுக்குள் மலைத்துப்போனேன். பிள்ளைகளைக் கூப்பிடலாமென்றால் இருவரும் சியான் பக்கம், சிக்னல் எட்டாத மலைக்குள் சுரங்க வேலையில் இருந்தார்கள். என் போன் கரன்ட் இல்லாமல் செத்துக் கிடந்தது. அந்த அம்மாவின் போன் நம்ம நாட்டு எல்லைக்குள் வந்ததுமே வாயை மூடிக்கொண்டதாம். ஆக, நானும் அவரும் ஜியாவ் டீச்சர் கொடுத்த காலச் சொற்களும்தான்.

அவர் அழைப்பை நீட்டி எட்டைத் தொட்டார், இன்னொரு எட்டைத் தொட்டார். நான் அவரைச் சுவரில் தொங்கும் நாள்காட்டியிடம் கூட்டிப் போனேன். பெரிய எண்ணில் அவருடைய எட்டாம் தேதி சரியாகத்தான் இருந்தது. நான் அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் நம் நிலாக் கணக்குத் தேதியைக் காட்டி, தாள்களைப் புரட்டிப் புரட்டி, கீழேயும் எட்டாம் மாதம் எட்டு வருகிற இடத்தில் விரலை வைத்தேன். அப்போதுதான் எனக்கும் உறைத்தது, மச்சான். அந்த அம்மா மேலே பார்த்தார், கீழே பார்த்தார், குளியலறைக் குழியைப் பார்த்தார், என் பனியனைப் பார்த்தார். முகம் சுருங்கப் போகிறது, என் பெண் போயே போய்விட்டாள் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். சிரிப்புச் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தால் அவர் சிமென்ட் மூட்டை மேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்.

அதற்கப்புறம் எல்லாம் சுலபம். குளிக்க எதிர்வீடு: "டெம்ப்ரரி" என்றேன். மறுநாள் காலை தெருமுனையில் மாட்டிறைச்சி சூப் வாங்கிக் கொடுத்தேன். கிண்ணத்தைக் காட்டி "டெய்லி?" என்று கேட்டார். "டெய்லி" என்றேன். கொத்தமல்லியை மட்டும் ஒதுக்கிவிட்டு, "நெவர்" என்றார். சுவரில் இருந்த எங்கள் கல்யாணப் படத்தைக் காட்டி, உங்கள் தங்கை எங்கே என்று கையை விரித்தார். அதற்கும் "டெம்ப்ரரி" என்றேன். புருவத்தை உயர்த்தினார். அவசரமாக "சூன், சூன்" என்று சேர்த்துக்கொண்டேன். பிறகு அவர் தன் பணப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்தார். படகில் ஒரு தாடிக்காரர். "பிஃபோர்" என்றார். முன்னே இருந்தார் என்று. ஒரு வார்த்தைதான், ஆனால் நான் சூப்பைக் கீழே வைத்துவிட்டேன்.

நேற்று சாயங்காலம்தான் அந்த நேரம் வந்தது. லிங்யுனும் டங்கனும் சேர்ந்து நிற்கும் படத்தை அலமாரியிலிருந்து எடுத்தார். அதைத் தட்டினார். எங்கள் வீட்டுத் தரையைக் காட்டினார். "ஆல்வேஸ்?" என்றார்.

மச்சான், ஒரு பருவம் பூரா நான் கண்ணாடி முன்னாடி நின்று பழகின வார்த்தை அது. ஆமாம், ஆல்வேஸ், எப்போதும் இங்கேதான் என்று சொல்லிவிட்டால் போதும், விஷயம் முடிந்தது. வாயையும் திறந்துவிட்டேன். அப்போது பார்க்கிறேன், அந்த அம்மா படத்தில் இருக்கும் டங்கனின் முகத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருக்கிறார். எனக்காவது சண்டை போட உங்கள் தங்கை இருக்கிறாள். அவருக்கு யார் இருக்கிறார்கள்? "சம்டைம்ஸ்" என்றேன். எப்போதாவது என்று. நான் ஏற வேண்டிய வண்டியை நானே மைக்கில் ரத்து செய்த மாதிரி இருந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது, வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

அந்த அம்மா தன் கைக்குட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார். அப்புறம் படத்தை மறுபடி தரைப்பக்கம் காட்டி, நிதானமாக, "ஆஃப்டன்" என்றார். அடிக்கடி இங்கே. அப்புறம் ஜன்னலுக்கு வெளியே, எங்கேயோ தூரத்தைக் காட்டி, தன் நெஞ்சைத் தொட்டு, "சம்டைம்ஸ்." நான் கையைக் கொடுத்தேன், அவர் பிடித்துக் குலுக்கினார். பெரும்பாலும் லோயாங், அவ்வப்போது ஸ்காட்லாந்து. பெண் நமக்குத்தான், மச்சான். எங்கள் வகுப்பிலேயே இத்தனை பெரிய பேச்சுவார்த்தையை இத்தனை கொஞ்சம் வார்த்தையில் முடித்தவன் வேறு எவனும் கிடையாது.

ஆகவே, தயவுசெய்து உங்கள் தங்கையை அனுப்பி வையுங்கள். சம்பந்தியம்மா விருந்து முடிகிறவரை இங்கேதான் இருக்கப் போகிறார், என் சமையலில் ஏற்கெனவே ஒரு சுற்று இளைத்துவிட்டார். உங்கள் தங்கை யூமெயிடம் இந்தக் கடிதத்தில் நான் அழுத இடத்தை மட்டும் படித்துக் காட்டுங்கள், மற்றதை மடித்து வையுங்கள். உங்கள் முழங்கால் இளகட்டும், குருவி பாடட்டும், அக்காவின் புது ஜாடியில் ஊறுகாய் நுரைக்காமல் ஊறட்டும். பெரியவர்கள் நீங்கள் இருவரும் எங்கள் பிள்ளைகளை மனதார வாழ்த்துங்கள்.

என்றும் உங்கள் பேச்சுக்கு அடங்கிய,
கெங் ஷோவ்தியான்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது கரன்ட் வந்தது, போனும் உயிர் பெற்றது, உடனே லிங்யுன் பேசினாள். மேலே எழுதியதில் பெண் நமக்குத்தான் என்ற இடத்தை அடித்துவிடுங்கள். கம்பெனி அவர்கள் இருவரையும் மலை குடைய சிலி நாட்டுக்கு அனுப்புகிறதாம். விருந்து முடிந்த கையோடு கிளம்ப வேண்டுமாம், திரும்ப வருஷக் கணக்காகுமாம். "அப்பா, புத்தாண்டு முடிஞ்ச கையோட சொல்ல வந்தேன். நீங்கதான் அப்புறம் பேசிக்கலாம், அப்புறம் பேசிக்கலாம்னு சொல்லிட்டு வகுப்புக்கு இடம் பிடிக்க ஓடினீங்க" என்கிறாள். அம்மா சரி என்றால் இங்கேயே இருப்பதாக டங்கன் வாக்குக் கொடுத்தானே என்றால், அவன் பின்னாலிருந்து, "மாமா, கொஞ்ச நாளைக்குத்தானே" என்கிறான். சம்பந்தியம்மாவும் நானும் நாள்காட்டியின் முன் நின்று, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, கடைசியில் சிரித்துத் தொலைத்தோம்.

சிலியில் ஸ்பானிஷ்தான் பேசுவார்களாம். அடுத்த வாரம் முதியோர் பள்ளியில் அந்த வகுப்பு ஆரம்பம். சம்பந்தியம்மா பேரையும் என் பேரையும் கொடுத்துவிட்டேன், யூமெய்க்கும் ஒரு நாற்காலி சொல்லி வைத்திருக்கிறேன், அதற்காவது வரச் சொல்லுங்கள். சம்பந்தியம்மா இப்போதே போனில் டங்கனிடம் கேட்டு ஒரு வார்த்தை பிடித்துவிட்டார், சியெம்ப்ரே. எப்போதும் என்று அர்த்தமாம், அப்போதிலிருந்து அதையே சொல்லிக்கொண்டு திரிகிறார். நான் எப்போதாவது என்பதற்கு என்னவென்று கேட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். அதுவும் தேவைப்படும்.