அன்னம் மறித்த வண்டி

வண்டி நின்று வெகுநேரமாகியும் தண்டவாளத்தில் படுத்திருந்த அன்னம் அசையவில்லை. ஹார்ட்விக்குக்கு வியர்த்துக் கொட்டியது. அடுத்த ஊர்த் தேவாலயத்தில் அவனுக்கும் ரோஸ்விதாவுக்கும் கல்யாணம். இரண்டு வருஷம் அவள் பின்னால் நடையாய் நடந்து வாங்கிய சம்மதம். தாமதமானால் மனம் மாறிவிடுவாளோ என்று ஆப்பிள் தோட்டக்காரனான அவனுக்குப் பயம்.

ஓட்டுநர் க்ரெட்ஸ் அம்மாள் ஹாரனை அடித்துப் பார்த்தாள். அன்னம் சிறகை விரித்துச் சீறிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. போடன் ஏரிக்கரை நெடுக ஒற்றைத் தண்டவாளம்தான். இந்த வண்டி அடுத்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அங்கே நிற்கும் எதிர் வண்டி கிளம்ப முடியும்.

ஹார்ட்விக் இறங்கி, கையிலிருந்த ரொட்டியைப் பிய்த்து ஏரிப் பக்கம் வீசினான். அன்னம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தண்ணீரிலிருந்த அதன் சொந்தபந்தமெல்லாம் கரையேறி வந்து, ரொட்டியைத் தின்றுவிட்டு, தண்டவாளத்தில் வரிசையாக உட்கார்ந்துகொண்டது.

"ஒண்ணுதான் இருந்துச்சு. இப்போ பந்தியே போட்டுட்டீங்களே மாப்பிள்ளை," என்றாள் க்ரெட்ஸ்.

அவன் கல்யாணக் கோட்டைக் கழற்றி வீசி வீசி விரட்டினான். மற்றவை ஓடின. முதல் அன்னம் மட்டும் கோட்டை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு ஏரியில் இறங்கியது. கோட்டுப் பையில் மோதிரம்! ஹார்ட்விக் மார்பளவு தண்ணீரில் பாய்ந்தான்.

"இன்னொண்ணு வந்து உட்கார்றதுக்குள்ள நான் கிளம்புறேன் தம்பி. நீங்க அடுத்த வண்டியில வாங்க," என்று க்ரெட்ஸின் குரல் கேட்டது. வண்டி போய்விட்டது.

பெரும் போராட்டத்துக்குப் பின் கோட்டை மீட்டான். மோதிரம் பத்திரமாக இருந்தது. செல்போன்தான் செத்துப்போயிருந்தது. தலையில் பாசியோடு அவன் கரையேறியபோது எதிர் வண்டி வந்தது. திசை வேறுதான், ஆனாலும் ரோஸ்விதாவிடம் பேச யாரிடமாவது ஒரு போன் கேட்கலாமே. தண்டவாள நடுவில் கைகளை விரித்து நின்றான். வண்டி கிறீச்சிட்டு நின்றது. டிக்கெட் பரிசோதகர் வீலாண்ட் திட்டிக்கொண்டே அவனை உள்ளே இழுத்துப் போட்டார்.

முதல் இருக்கையில், வெள்ளைக் கல்யாண உடையில், ரோஸ்விதா.

ஹார்ட்விக்குக்குக் கண் கலங்கிவிட்டது. "என்னைத் தேடியா வந்தே?"

அவள் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீலாண்ட் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அவளிடம் குனிந்து கேட்டார்:

"ஏம்மா, எதிர் வண்டியில ஒருத்தர் வந்து இறங்குறதுக்குள்ள கிளம்பிடுங்கன்னு இவ்வளவு நேரமா என் உயிரை வாங்கினீங்களே... அந்த ஒருத்தர் இவர்தானா?"