கதிர் சாமியும் ரப்பர் கையுறையும்

இரண்டாயிரத்து நான்கில் ஆம்பூருக்குப் புதிதாக ஒரு பயம் வந்தது. கம்ப்யூட்டரிலிருந்து கதிர் கிளம்பிப் பெண்பிள்ளைகளின் மூளையைக் காயவைக்கிறதாம். கண்டுபிடித்தவர் கதிர் சாமி. சோளிங்கர் மலையடிவாரத்தில் பொரிகடலைக் கடை வைத்து நொடித்தவர், ஆகவே விஞ்ஞானி.

ஆதாரமும் இருந்தது. தொலைதூரப் பட்டப்படிப்பு அப்போது இரண்டு விதம். மேல்விஷாரத்தில் வாத்தியார் நேரில் நடத்தும் வகுப்பு. ஆம்பூர் சென்டரில் இன்டர்நெட் வகுப்பு. நேர் வகுப்பில் பெண்கள்தான் முதலில். இன்டர்நெட் வகுப்பிலோ பையன்கள் பாஸ், பெண்கள் வரிசையாக ஃபெயில். போதாதா? சென்டர் வாசலில், கதிரைத் தடுக்கும் என்று சாமி விற்ற செப்புத் தகடு வாங்கக் கூட்டம் முண்டியடித்தது. எம்.ஏ. படித்தவர்கள் முன்வரிசையில்.

சாமி நூலில் கட்டிய மணியைக் கைமேல் பிடிப்பார். ஆண் கை என்றால் நேராக ஆடும். பெண் கை என்றால் சுற்றும். "சுத்துற மூளைக்கு இந்தக் கதிர் ஆவாதும்மா. தகடு கட்டியும் தேறலைன்னா படிப்பை நிறுத்திடு," என்பார்.

என் தங்கை பொன்மலர் ஷூ கம்பெனியில் தையல் மெஷின் ஓட்டிக்கொண்டே அந்த வகுப்பில் படித்தாள். தகடு கட்டியும் ஃபெயில். "போதும்டி, நின்னுடு," என்று அம்மா ஜெயம்மாள் முடிவாகச் சொல்லிவிட்டாள்.

"நின்னுடறேன். சாமி இன்னொரு தபா பாக்கட்டும்," என்றாள் பொன்மலர்.

சென்டர் வாசலில் ஒரு போர்வையைத் திரையாகப் பிடித்தோம். அதன் பின்னாலிருந்து, தோல் பதனிடும் இடத்தில் மாட்டும் ரப்பர் கையுறைகளோடு கைகள் நீண்டன.

"இன்னாம்மா இது, கையே தெரியல?"

"உங்களுக்குத் தெரியலைன்னா இன்னா சாமி, மணிக்குத் தெரியுமில்ல?"

ஊரே பார்க்கிறது, மறுக்க முடியுமா? முதல் கைமேல் மணி சுற்றியது. "பொண்ணு!" அடுத்ததன்மேல் நேராக ஆடியது. "ஆம்பள!" மூன்றாவதன்மேல் சுற்றோ சுற்றென்று சுற்றியது. "பொண்ணு! தங்கமான பொண்ணு. இந்த வருசமே கல்யாணம்!"

பொன்மலர் போர்வையை இறக்கினாள். முதல் கை அவளோடு படிக்கும் மீசைக்கார டேனியலுடையது. இரண்டாவது அதே வகுப்புப் பெண் கேத்தரினுடையது. மூன்றாவது துடைப்பக் கட்டை. கையுறைக்குள் கந்தல் துணி.

"மாப்பிள்ளையும் நீங்களே பாத்துடுங்க சாமி!"

சிரிப்பு அடங்குவதற்குள் சாமி வாணியம்பாடி பஸ்ஸில் இருந்தார்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப இன்னாத்துக்குடி ஃபெயிலான?"

"எத்தினி தபா சொன்னேன்? நீ மணி சொன்னதத்தான கேட்ட. உள்ள வந்து பாரு."

உள்ளே வகுப்பு தொடங்கியிருந்தது. கம்ப்யூட்டர்களுக்கு முன்னால் எல்லா நாற்காலியிலும் பையன்கள். பெண்கள் சுவரோரம் நின்றார்கள். நேர் வகுப்பில் பெண்களுக்குத் தனி பெஞ்ச் உண்டு, இங்கே இல்லை. பையன்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் ஊர் பேசும். அவர்கள் எழுந்திருக்கும்வரை காத்திருந்தால் கடைசி பஸ் போய்விடும்.

அம்மா ஒரு பையனின் தோளைத் தட்டினாள். "எந்திரிப்பா. எம் பொண்ணு உக்காரணும்."

பொன்மலர் பட்டம் வாங்கினாள். இன்று அவள் இல்லை. சுவரில் மாட்டிய படத்தில் கறுப்பு அங்கியோடு இருக்கிறாள். கதிர் சாமிகள் மட்டும் சௌக்கியமாக இருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பெண் தோற்றுவிட்டால், மூளையைச் சோதிக்கும் முன் அவளுக்கு உட்கார நாற்காலி இருந்ததா என்று பாருங்கள். அதற்கு மணியும் நூலும் வேண்டாம். முகத்தில் இருக்கிற கண்ணே போதும்.