ஓடுகிற மிஷினுக்கு ஒரு புகார்

அன்பும் பொறுமையும் மிக்க மைத்துனருக்கு,

இங்கு நான் நலம் என்று எழுதினால் அது பொய். அங்கு உங்கள் அக்கா நலம் என்று நீங்கள் பதில் எழுதினால் எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருக்கும். ஆகவே நலம் விசாரிக்கும் பகுதியை இந்த ஒரு முறை விட்டுவிடுவோம்.

உங்கள் அக்கா பெட்டியோடு உங்கள் வீட்டுக்கு வந்து இன்றோடு பதினோரு நாள் ஆகிறது. வந்தவள் என்ன சொன்னாளோ தெரியாது. ஆனால் அன்று மாலை நீங்கள் போன் செய்து, "அத்தான், பங்கு வாங்கறவங்க பேலன்ஸ் ஷீட்டைப் பாப்பாங்க. நீங்க எதுக்கு வாஷிங் மிஷினைக் கழட்டறீங்க?" என்று கேட்டீர்கள். பேங்கில் வேலை பார்க்கிறவர் கேட்க வேண்டிய கேள்விதான். அப்போது நான் கூடத்தில் சிதறிக் கிடந்த திருகாணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சாவகாசமாகச் சொல்கிறேன். படித்து முடித்ததும் நீங்களே அக்காவைக் கூட்டிவந்து விட்டுவிடுவீர்கள் என்று நம்புகிறேன்.

பேலன்ஸ் ஷீட் என்பது என்ன, மச்சான்? ஒரு கம்பெனி தனக்குத் தானே எழுதிக்கொள்கிற நன்னடத்தைச் சான்றிதழ். நான் குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் முப்பத்தோரு வருடம் உட்கார்ந்தவன். எங்கள் ஆண்டறிக்கையை நான்தான் தட்டச்சு செய்வேன். அதைப் படித்தால் இருபத்து நாலு மணி நேரமும் எல்லாக் குழாயிலும் தண்ணீர் கொட்டும். அதே மேஜையின் மறு ஓரத்தில், குழாயில் காற்றுதான் வருகிறது என்று நானூறு கடிதம் கிடக்கும். அத்தனைக்கும் 'ஆவன செய்யப்படும்' என்று முத்திரை குத்தி அனுப்பியதும் நான்தான். அந்த ரப்பர் முத்திரை தேய்ந்து தேய்ந்து என் காலத்திலேயே மூன்று முறை மாற்றினோம். இதையெல்லாம் பார்த்தவன் எந்த அறிக்கையை நம்புவான்? அதனால்தான் ஓய்வு பெற்ற பிறகு இந்தியப் பங்குகளில் பணம் போடலாம் என்று இறங்கியபோது பி.இ. விகிதம், ஏறி இறங்கும் கோடுகள், டி.வி.யில் டை கட்டிக்கொண்டு நேற்று நடந்ததை இன்று முன்கூட்டியே சொல்கிறவர் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு எனக்கென்று ஒரு வழி கண்டுபிடித்தேன். பொருளை விற்கும்வரை எல்லாக் கம்பெனியும் பல்லைக் காட்டும். காசை வாங்கிப் போட்டுக்கொண்ட பிறகு, குறை என்று வந்து நிற்கிறவனிடம் எப்படிப் பேசுகிறது என்பதில்தான் அதன் யோக்கியதை இருக்கிறது. ஆகவே எந்தப் பங்கை வாங்கும் முன்பும் அந்தக் கம்பெனிக்கு ஒரு புகார் கொடுப்பேன். மூன்று நாளில் ஆள் வந்தால் வாங்கு. ஒரு வாரம் ஆனால் யோசி. அதற்கும் மேலே போனால் கையில் இருப்பதையும் விற்றுவிட்டு ஓடு.

இதில் ஒரே சிக்கல், புகார் கொடுக்க ஒரு குறை வேண்டும். உங்கள் அக்கா சாமான்களை வைத்துக்கொள்ளும் பாங்கு உங்களுக்குத் தெரியும். பதினாலு வருட மிக்சி நேற்று வாங்கியது மாதிரி இருக்கிறது. எனவே குறையையும் நானே தயாரிக்க வேண்டியிருந்தது. முதலில் ஒரு பெயிண்ட் கம்பெனி. பீரோவுக்குப் பின்னால் கரண்டிக் காம்பால் கொஞ்சம் சுரண்டிவிட்டு, பெயிண்ட் உரிகிறது என்று எழுதினேன். மறுநாளே டார்ச்சோடு ஒருவர் வந்து முட்டி போட்டுப் பார்த்தார். "சார், இது உரியல. யாரோ கரண்டியால சுரண்டியிருக்காங்க. வீட்ல சின்னப் பசங்க இருக்காங்களா?" என்றார். "ஒருத்தர் இருக்கார்," என்றாள் உங்கள் அக்கா. அவர் மறு பேச்சில்லாமல் பூசிக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றே வாங்கினேன், ஆறு மாதத்தில் நூற்றுக்கு முப்பது ஏறியது. அடுத்தது ஒரு ஃபேன் கம்பெனி. போனில் நாற்பது நிமிஷம் ஒரே பாட்டைப் போட்டார்கள். ஸ்பீக்கரில் வைத்துவிட்டுச் சாப்பிட்டு, கை கழுவி, ஒரு குட்டித் தூக்கமும் போட்டு எழுந்தேன், பாட்டு ஓயவில்லை. அந்த வாரம் முழுக்க உங்கள் அக்கா அதையே முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். ஆள் வரவேயில்லை. கையில் இருந்ததை விற்றேன். அது அடுத்த மாதமே இரண்டு மடங்காகிவிட்டது. சந்தைக்குப் புத்தி வர நாளாகும், நான் காத்திருக்கிறேன்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். சந்தை மடமடவென்று சரிந்து எல்லாப் பங்கும் மலிவாகக் கிடந்த நேரம். ஒவ்வொன்றாகச் சோதிக்கப் பொறுமையில்லாமல் வாஷிங் மிஷின், தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி, வெந்நீர் ஹீட்டர் மூன்றுக்கும் ஒரே நாளில் புகார் கொடுத்துவிட்டேன். மறுநாள் காலை ஒன்பதேகாலுக்கு மூன்று கம்பெனி ஆட்களும் ஒன்றாக வந்து நின்றார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மிஷின் ஓடும்போது குதிக்கிறது என்று எழுதியிருந்தேன். அது குதிக்காத மிஷின். வந்தவர் கடமை தவறாதவர், இல்லாத குறையைக் கண்டுபிடிக்காமல் போவதில்லை என்று ஒவ்வொரு பாகமாகக் கழற்றிக் கூடத்தில் பரப்பினார். சுத்திகரிப்புக்காரர் வீட்டுக்குள் வரும் தண்ணீரையே மூடிவிட்டார். மூன்றாமவர், "ஹீட்டர் எங்க சார்?" என்று கேட்டார். நான் மூவரும் வந்த நேரத்தை நோட்டில் குறித்துக்கொண்டிருந்ததால், நிமிராமல் பேனாவால் குளியலறையைக் காட்டினேன். உள்ளே உங்கள் அக்கா குளித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கதவின் தாழ்ப்பாள் கொஞ்ச நாளாகச் சரியாக விழுவதில்லை. அவள் வாளி நிறையத் தண்ணீர் பிடித்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கொள்வாள். அன்று பாதிக் குளியலில் தண்ணீர் நின்றுபோய், முட்டுக் கொடுத்திருந்த வாளியை எடுத்துத்தான் தலைக்கு ஊற்ற வேண்டியதாகிவிட்டது. ஹீட்டர்க்காரர் கதவைத் தள்ளினார். ஒரு அலறல் கேட்டது. அடுத்த நொடி அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, "மேடம், நான் ஒண்ணும் பாக்கல," என்று மூன்று முறை சொல்லிவிட்டுக் கருவிப் பையைக்கூட எடுக்காமல் போய்விட்டார். தலை நிறைய நுரையோடு, துண்டைப் போர்த்திக்கொண்டு வந்து நின்றவளிடம் நான் சொன்னது ஒருவேளை தவறாக இருக்கலாம். "சொன்ன நேரத்துக்கு வந்துட்டாங்க பாரு, நல்ல கம்பெனி," என்றேன். அவள் மீதமிருந்த இருவருக்கும் டீ கொடுத்தாள், எனக்குக் கொடுக்கவில்லை. பிறகு பெட்டியை எடுத்தாள்.

நடந்தது இவ்வளவுதான். இப்போது மிஷின் நிஜமாகவே குதிக்கிறது. போட்டுவிட்டு வந்தால் சுவரை விட்டு நகர்ந்து வாசல்வரை வந்து நிற்கிறது. கம்பெனிக்குப் போன் செய்தால், "போன தடவை வந்தவர் ஒரு பழுதும் இல்லைன்னு எழுதியிருக்காரே சார்," என்கிறார்கள். நான் கையால் துவைத்துக்கொள்கிறேன், அது பெரிதில்லை. வீடுதான் வீடாக இல்லை, மச்சான். பங்கு ஏறினால் சொல்ல ஆளில்லை, இறங்கினால் மறைக்க ஆளில்லை. நான் நேரே அவளுக்கே போன் செய்யலாம்தான். ஆனால் எதுவும் உரிய வழியாகப் போவதே முறை என்று பழகிவிட்டேன். ஒரு சிறு அசௌகரியத்துக்காக நல்ல முதலீட்டு முறையைக் கைவிட முடியாது என்பதையும், அந்த மூன்று பங்கும் ஏறியிருக்கின்றன என்பதையும் நீங்கள் பக்குவமாக எடுத்துச் சொல்லி அவளை அனுப்பி வைக்க வேண்டியது.

உங்கள் வீட்டில் எல்லாம் பழுதில்லாமல் ஓடட்டும். பழுதானால் அன்றைக்கே ஆள் வரட்டும். தங்கைக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் அக்காவின் கணவன் என்ற பதவியில் இன்னமும் இருப்பதாக நம்பும்
அத்தான்

பி.கு.: கையெழுத்துப் போட்ட கையோடு உங்கள் அக்காவே போன் செய்தாள். என்ன செய்கிறேன் என்று கேட்டாள். உன் தம்பிக்குக் கடிதம் எழுதுகிறேன் என்றேன். "எனக்கு எழுதலையா?" என்றாள். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, "சரி, ஒண்ணு கேக்கறேன், உங்களுக்குத்தான் தெரியும். ஒரு கம்பெனிக்கு ஏழு மாசமா ஒரே புகாரைச் சொல்லிட்டிருக்கேன். எத்தனை தடவை சொன்னாலும் 'பாக்கலாம், பாக்கலாம்'னு ஒரே பதில். அந்தப் பங்கை வெச்சுக்கலாமா?" என்றாள். அவளாக வந்து பங்கைப் பற்றிக் கேட்கிறாளே என்ற பூரிப்பில், "ஏழு மாசமா? அதை இன்னுமா வெச்சிருக்கே, முதல்ல வித்துட்டு ஓடு. எந்தக் கம்பெனி?" என்றேன். "முப்பத்தாறு வருஷமா வெச்சிருக்கேன்," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

மேலே எழுதியது அத்தனையும் ரத்து. அவளிடம் எதையும் சொல்ல வேண்டாம், அனுப்பவும் வேண்டாம். ஹார்டுவேர் கடையில் தாழ்ப்பாள் வாங்கி நானே பொருத்திவிட்டேன், எட்டு நிமிஷம்கூட ஆகவில்லை. வெட்கமாக இருக்கிறது. இந்தக் கடிதத்தைப் படமெடுத்து உங்கள் போனுக்கு அனுப்பிவிட்டு அடுத்த பஸ்ஸில் கிளம்புகிறேன். இத்தனை வருடத்தில் நான் சொன்ன பங்கு யோசனை ஒன்றைக்கூட அவள் கேட்டதில்லை. நான் வந்து சேர்வதற்குள் இதை மட்டும் கேட்டுவிடாமல் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.