செல்வராஜ் அண்ணனுக்கு நான் போட்ட ஓய்வு அட்டவணை

எனக்கு அட்டவணை போடும் வியாதி இருந்தது. 'இருக்கிறது' என்று எழுதத்தான் கை போகிறது. வீட்டில் உள்ளவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் இறந்த காலத்தில் போட்டு வைக்கிறேன். பள்ளிக்கூடத்தில் சாதாரண தரப் பரீட்சைக்கு நான் படித்த நேரத்தைவிட, படிப்பதற்கு அட்டவணை தயாரித்து, கோடடித்து, கலர் தீட்டிய நேரம்தான் அதிகம். (பெறுபேறும் அதற்கேற்ற மாதிரியே வந்தது. சித்திரத்துக்கு மட்டும் 'ஏ'.)

இருபத்து மூன்று வயதில் மாத்தளையில் ஒரு லொறி சேர்விஸில் கிளார்க்காகச் சேர்ந்தேன். முதலாளியை ஊரே ஹாஜியார் என்றுதான் கூப்பிடும். மூன்று லொறிகள் வைத்திருந்தார். கல்யாண வீடுகளுக்கு நாற்காலி, கூடாரம், மணமேடை எல்லாம் வாடகைக்கு விடுவதும் அவருடைய தொழில். நான் சேர்ந்த சில மாதங்களில் எங்கள் பழைய ட்ரைவர் ஒருவர் கண்ணயர்ந்து, நாவுலப் பக்கம் லொறியை யாரோ ஒருவருடைய வெங்காயத் தோட்டத்துக்குள் இறக்கிவிட்டார். ஆளுக்கு ஒன்றுமில்லை, வெங்காயத்துக்குத்தான் சேதம். அதற்குப் பிறகு ஹாஜியார், சாரதிகளின் வேலை நேரமும் ஓய்வும் பற்றி கண்டியில் நடந்த ஒரு வார வகுப்புக்கு என்னை அனுப்பினார்.

அந்த ஒரு வாரத்தில் நான் விளங்கிக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: களைத்த சாரதி ஆபத்தானவர். மிச்சத்தையெல்லாம் நானாகவே கண்டுபிடித்தேன்.

நான் வகுப்பு முடிந்து வந்த கையோடு புதிய ட்ரைவர் ஒருவர் சேர்ந்தார். பெயர் செல்வராஜ். வயது நாற்பத்து நாலு. இருபது வருடம் மாத்தளை டவுனில் த்ரீவீல் ஓட்டியவர். ஆசைப்பட்டு, கனரக வாகன லைசன்ஸ் எடுத்து, த்ரீவீலை மனைவி புஷ்பா அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருந்தார். அவரைப்போல் சொன்ன சொல் கேட்கும் மனிதரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. லைசன்ஸ் பரீட்சைக்குப் படித்த சட்டங்களை அவர் பரீட்சை முடிந்த பிறகும் நம்பினார். வண்டி ஓடும்போது போனைத் தொடக்கூடாது என்றால் தொடவே மாட்டார். மணி அடித்தால், பாதுகாப்பான இடம் பார்த்து லொறியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டுத்தான் எடுப்பார். இந்தக் குணம் எனக்கு முதலிலேயே தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

அவருடைய முதல் தனிப் பயணம் பல்லேகமவுக்கு. அங்கே ஒரு சிங்களக் குடும்பத்தில் கல்யாணம். இருநூறு நாற்காலிகளும் ஒரு 'போருவ'வும் போக வேண்டும். போருவ என்பது மாப்பிள்ளையும் பொண்ணும் ஏறி நிற்கும் அலங்கார மேடை. அதில் சரியான சுபநேரத்தில் ஏறியாக வேண்டும். இந்தக் கல்யாணத்துக்கு அந்த நேரம் காலை பத்து நாற்பத்திரண்டு. நாற்பத்தொன்றும் இல்லை, நாற்பத்து மூன்றும் இல்லை. சாமான்களெல்லாம் முந்தின நாள் உக்குவளையில் வேறொரு கல்யாணத்தில் மாட்டிக்கொண்டதால், அன்று காலையில்தான் கொண்டுபோக முடியும். ரத்தோட்டை வழியாக ஏறி, ரிவர்ஸ்டன் உச்சியைத் தாண்டி, அந்தப் பக்கம் இறங்க வேண்டும். முழுக்க வளைவு, பாதி தூரம் பனிமூட்டம்.

"புது ஆள், மலை ரோட்டு. நேரத்த நீங்களே பிளான் பண்ணிக் குடுங்க மகள்" என்றார் ஹாஜியார்.

பண்ணினேன். இரண்டு நாள் பண்ணினேன். ஓடும் நேரத்துக்குப் பச்சை, ஓய்வுக்கு மஞ்சள், தேத்தண்ணிக்கு நீலம். காலை ஐந்தரைக்குப் புறப்பாடு. ரத்தோட்டையில் பதினைந்து நிமிட ஓய்வு, ரிவர்ஸ்டனில் இருபது நிமிடம், இலுக்கும்புரவில் பதினைந்து நிமிடம். ஒன்பது இருபதுக்குப் பல்லேகம. ஓய்வு என்றால் சும்மா உட்கார்ந்திருப்பதல்ல, சீட்டில் சாய்ந்து கண்ணை மூட வேண்டும் என்று கீழே குறிப்பு வேறு. லெமினேட் செய்து அவர் கையில் கொடுத்தேன்.

செல்வராஜ் அண்ணன் அதை இரண்டு கையாலும் வாங்கி, முழுதும் வாசித்துவிட்டு, "மூணு மணித்தியால ஓட்டத்துக்கு மூணு தூக்கமா மிஸ்?" என்று கேட்டார்.

"களைப்பு வந்தபெறகு தூங்கிப் பிரயோசனமில்ல அண்ணே. வர்றதுக்கு முந்தித் தூங்கணும்" என்றேன். (இதை எந்த வகுப்பிலும் யாரும் சொல்லவில்லை.)

அன்று காலை ஐந்தரைக்கு லொறி புறப்பட்டது. ஒபிஸில் நான், எனக்கு முன்னால் அட்டவணையின் பிரதி, கையில் போன். ஆறு பதினைந்துக்கு அவர் ரத்தோட்டையில் ஓய்வில் இருக்க வேண்டும். இருக்கிறாரா என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆறு இருபதுக்கு அவருக்கு அழைப்பு எடுத்தேன்.

"அண்ணே, ரெஸ்ட் எடுக்கிறீங்களா?"

"எடுத்துக்கிட்டிருந்தேன் மிஸ்."

"நல்லது, எடுங்க." வைத்துவிட்டேன். ஆறு இருபத்தேழுக்கு மறுபடி எடுத்து, இன்னும் மூன்று நிமிடம் மிச்சமிருக்கிறது, அவசரப்பட வேண்டாம் என்று நினைவூட்டினேன்.

ஆறே முக்காலுக்கு, ஓட்டம் எப்படிப் போகிறது என்று கேட்க எடுத்தேன். பதில் இல்லை. கால் மணித்தியாலம் கழித்து அவரே எடுத்தார். "வளவுல லொறிய நிப்பாட்ட எடமில்ல மிஸ். எடம் தேடி, நிப்பாட்டிட்டு எடுக்கிறேன். சொல்லுங்க."

"எங்க வர்றீங்கன்னு கேக்கத்தான்."

இதில் பத்து நிமிடம் தாமதமானது. தாமதமானதால் எனக்குக் கவலை வந்தது. கவலை வந்ததால் மறுபடி எடுத்தேன். மறுபடி அவர் இடம் தேடினார். ஒரு இடத்தில், நிறுத்திய பிறகு சிக்னல் இல்லை என்று கண்டு, சிக்னல் உள்ள இடம் வரை போய் எனக்குத் திருப்பி எடுத்திருக்கிறார். ஏழு பதினைந்துக்கு ரிவர்ஸ்டனில் இருக்க வேண்டியவர், உச்சிக்குப் போய்ச் சேரும்போது எட்டரை. நான் அதுவரை ஒன்பது முறை எடுத்திருந்தேன்.

"மிஸ், இங்க ரெஸ்ட்ட விட்டுட்டு நேரா எறங்கிரட்டா? கல்யாணத்துக்கு நேரமாகுது" என்று கேட்டார்.

அந்த இடத்தில் நான் 'சரி' என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

"ரெஸ்ட்ட விட ஏலாது அண்ணே. எறக்கத்துலதான் களைப்பு கூட. இருபது நிமிஷம் கண்ண மூடுங்க."

மூடியிருக்கிறார். ஐந்து நிமிடத்தில் எடுத்தேன்.

"தூங்கிட்டீங்களா?"

"காத்து லொறிய ஆட்டுது மிஸ். தொட்டில்ல படுத்த மாதிரி நல்லாத்தான் இருக்கு." கொட்டாவி ஒன்று விட்டார். "போன்தான் அடிச்சிக்கிட்டே இருக்கு."

எனக்கு அது குற்றச்சாட்டாகவே படவில்லை. சிக்னல் நன்றாக இருக்கிறது என்று சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். எட்டே முக்காலுக்கு மீண்டும் எடுத்தேன். போன் அணைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண் குரல் மூன்று மொழியிலும் சொன்னது.

ஒன்பது மணி வரை பதினான்கு முறை எடுத்தேன். ஒன்பதே காலுக்குப் பொண்ணின் தகப்பன் பண்டா மாத்தயா அழைத்தார். "துவே, போருவ கோ?" என்றார். மகளே, போருவ எங்கே என்று அர்த்தம். குரலில் கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை, அவர் கெஞ்சினார். வந்துகொண்டிருக்கிறது என்று சிங்களத்தில் சொன்னேன். வைத்தவுடன் ரிவர்ஸ்டன் வளைவுகளும், பனியும், கீழே கிடுகிடு பள்ளமும், அதில் நாற்காலிகளோடு தலைகீழாகக் கிடக்கும் லொறியும் ஒவ்வொன்றாகக் கண்ணுக்கு முன்னால் வந்தன. நான் தூங்கச் சொன்னேன், அவர் தூங்கினார், அரைத்தூக்கத்தில் வண்டியை எடுத்திருக்கிறார். எல்லாம் எனக்குத் தெளிவாகிவிட்டது.

ஹாஜியாரிடம் ஓடினேன். "லொறி இப்ப எங்க ஈக்குது?" என்று கேட்டார்.

"தெரியல்ல ஹாஜியார்." அழுதுவிட்டேன்.

அவர் ஆஸ்பத்திரிகளுக்கு எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். நான் அதைவிடப் பெரிய முட்டாள்தனம் ஒன்றைச் செய்தேன். புஷ்பா அக்காவுக்கு எடுத்து, "அண்ணே ஏதும் பேசினாரா அக்கா?" என்று கேட்டேன். சாதாரணமாகக் கேட்பதாக நினைத்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டேன்.

பத்து நிமிடத்தில் த்ரீவீல் ஒபிஸ் வாசலில் வந்து நின்றது. புஷ்பா அக்காதான் ஓட்டி வந்தார். வீட்டுச் சட்டை, காலில் செருப்பில்லை.

"ஏறு தங்கச்சி" என்றார்.

புஷ்பா அக்கா வழி நெடுக ரோட்டையே பார்த்து ஓட்டினார். திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். ரத்தோட்டை தாண்டி மலை ஏறத் தொடங்கியதும், ஒவ்வொரு வளைவிலும் வண்டியை நிறுத்துவார். நான் இறங்கி, ஓரத்தில் பிடித்துக்கொண்டு, பள்ளத்தை எட்டிப் பார்ப்பேன். மேலே போகப் போகப் பனி கட்டிப்போய், பள்ளம் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அதனால் கூப்பிட ஆரம்பித்தேன். "செல்வராஜ் அண்ணே!" காற்று என் குரலை எனக்கே திருப்பித் தள்ளியது.

ஒரு வளைவில் கீழே வெள்ளையாக நாற்காலி மாதிரி ஏதோ தெரிந்தது. "கதிர, அக்கா! கதிர!" என்று கத்தினேன். புஷ்பா அக்கா அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். பனி விலகியதும் பார்த்தால் உரப்பை.

அப்போதுதான் குருநாகலிலிருந்து ட்ரிப் வந்த வேன் ஒன்று எங்கள் பக்கத்தில் நின்றது. பதினொரு பேர், எல்லோரும் ஒரே மாதிரி டீ-ஷர்ட். என்ன விஷயம் என்று சிங்களத்தில் கேட்டார்கள். சொன்னேன். நல்ல மனிதர்கள். ட்ரிப்பை விட்டுவிட்டு அவர்களும் தேட ஆரம்பித்தார்கள். அதன்பிறகு ஒவ்வொரு வளைவிலும் பன்னிரண்டு பேர் வரிசையாக நின்று பள்ளத்தைப் பார்த்து "செல்வராஜ் அய்யே!" என்று சிங்களத்தில் கூப்பிட்டோம். உச்சியில் லொறி நின்றிருந்த அடையாளம்கூட இல்லை. விடிந்ததிலிருந்து எடுத்து எடுத்து என் போனில் சார்ஜும் தீர்ந்து போயிருந்தது. இலுக்கும்புரவில் விசாரிக்கலாம் என்று நிறுத்திய கடை பூட்டிக் கிடந்தது. (கடைக்காரர் கல்யாணத்துக்குப் போயிருந்தார்.)

இனிப் போய்ப் பண்டா மாத்தயாவிடம் நேரில் சொல்லியாக வேண்டும். ஒன்றரை மணிக்குப் பல்லேகமவுக்குள் நுழைந்தோம். முன்னால் த்ரீவீல், பின்னால் வேன்.

கல்யாண வீட்டு வாசலில் எங்கள் லொறி நின்றது. நேராக, அழகாக, சில்லுக்குக் கட்டை போட்டு நிறுத்தியிருந்தது. லொறியை மூடும் படங்கை நாலாய் மடித்து வைத்திருந்தது. உள்ளே பாட்டு, சிரிப்பு, கறி வாசம். கூடாரத்துக்குள் முதல் வரிசையில், எங்கள் வெள்ளை நாற்காலி ஒன்றில், செல்வராஜ் அண்ணன் மடியில் சோற்றுக் கோப்பையை வைத்துத் தின்றுகொண்டிருந்தார்.

எங்களைக் கண்டதும் எழும்பினார். "என்ன புஷ்பா, ஒனக்கும் கல்யாணத்துக்குச் சொல்லியிருந்தாங்களா?"

புஷ்பா அக்கா அவரை நெஞ்சில் இரண்டு குத்துக் குத்திவிட்டு, அதே நெஞ்சில் சாய்ந்து அழத் தொடங்கினார். "ஏய்யா போன அணைச்ச?"

"மிஸ் இருபது நிமிஷம் கட்டாயம் தூங்கச் சொன்னாங்க. போன் இருந்தா தூங்க ஏலாது. அதான் அணைச்சிட்டு நல்லாத் தூங்குனேன். எந்திரிச்சி ஒரே ஓட்டம். பத்து இருபத்தஞ்சுக்கு வந்துட்டேன்." என்னைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார். "இலுக்கும்புர ரெஸ்ட்ட மட்டும் விட்டுட்டேன் மிஸ். மன்னிச்சிக்குங்க."

ஊராள்கள் கூடித் தூக்கிப் போருவவை வைத்திருக்கிறார்கள். பத்து நாற்பத்திரண்டுக்கு மாப்பிள்ளையும் பொண்ணும் ஏறிவிட்டார்கள். பண்டா மாத்தயா உடனே ஹாஜியாருக்கு எடுத்துச் சொல்லியுமிருக்கிறார். ஹாஜியார் அதைச் சொல்ல எனக்கு எடுத்து எடுத்துக் களைத்துப் போயிருக்கிறார். நானோ அந்த நேரம் பள்ளத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தேன்.

அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். செல்வராஜ் அண்ணனுக்குக் கை கால் ஓடவில்லை. தன் கோப்பையிலிருந்த அப்பளத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். வேன்காரர்கள் சுற்றி நின்றவர்களுக்கு முழுக் கதையையும் நடித்தே காட்டினார்கள். கூடாரமே சிரித்தது, மாப்பிள்ளை உட்பட. பண்டா மாத்தயா பதினொரு பேரையும் பந்தியில் உட்கார வைத்துச் சாப்பாடு போட்டார். பொண்ணின் அம்மா என் கண்ணைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்து, கையைப் பிடித்து இழுத்துப் போய், குடும்பப் படம் எடுக்கும் வரிசையில் நிறுத்திவிட்டார்.

அன்றிலிருந்து இந்த எட்டு வருடமாக நான் போடும் அட்டவணைகளில் ஓய்வு நேரத்துக்கு நேரே "யாரும் சாரதிக்குப் போன் எடுக்க வேண்டாம்" என்று மட்டும்தான் எழுதுகிறேன். எங்கே நிறுத்துவது என்பதை ஓட்டுகிறவர்களைக் கேட்டு முடிவு செய்கிறேன். செல்வராஜ் அண்ணன் இப்போது எங்கள் மூத்த ட்ரைவர். புதிதாகச் சேருகிறவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லும்போது வருடத்துக்கு ஒரு முறை மாதிரி நான் எடுத்த அழைப்புகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டு வருகிறார். கடைசியாகக் கேட்டபோது அறுபதைத் தாண்டியிருந்தது.

அந்தப் படத்தின் ஒரு பிரதியைச் சட்டம் போட்டுப் பண்டா மாத்தயா எனக்கு அனுப்பிவைத்தார். என் கணவர் அதை எங்கள் வீட்டு ஹோலில் மாட்டியிருக்கிறார், கழற்ற விடமாட்டேன் என்கிறார். நடுவில் பொண்ணும் மாப்பிள்ளையும், இரண்டு பக்கமும் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் சொந்தக்காரர்கள், ஓரத்தில் தலை கலைந்து, மூக்கு சிவந்து, கையில் அப்பளத்தோடு நான்.

போன வாரம் என் மகள் அதை ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, எல்லாரும் சிரிக்கிறாங்க, அம்மா மட்டும் ஏன் அழுவுறாங்க? யாரும் செத்துப் போயிட்டாங்களா?"

"இல்ல மகள்" என்றார் அவர், பேப்பரிலிருந்து தலை தூக்காமல். "யாருமே சாகல்ல. அதான் அழுவுறாங்க."